வாட்டம் விடாத தரை

அமிர்தகழியில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் அந்த வீட்டின் நடுமண்டபத்துக்கு ஓக் மரத்தில் தரை போட்ட நாளிலிருந்து, அங்கே ஆட்களைவிடத் தரைக்கே மரியாதை அதிகம். முதலில் செருப்பைக் கழற்றினார்கள். பிறகு கால் கழுவித் துடைத்துவிட்டு வந்தார்கள். கடைசியில் அந்தப் பக்கமே போகாமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள். கேதீஸ்வரி குசினியிலிருந்து முன் விறாந்தைக்குக் கறிச்சட்டி கொண்டு போவதென்றால், வீட்டுக்கு வெளியே இறங்கி, கிணற்றடியைச் சுற்றிக்கொண்டுதான் போவாள். மழை நாளில் குடையும் பிடித்துக்கொள்வாள்.

தரையைப் போட்டவன் அவளுடைய அண்ணன் விஜிதரன். இருபது வருடத்துக்கு மேலாக சுவிற்சர்லாந்தில், பேர்ண் நகரத்தில் இருக்கிறான். என்ன வேலை என்று கேட்டால் 'புரொப்பட்டி மனேஜர்' என்பான். அது என்னவென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாத காரணத்தாலேயே மதித்தார்கள். கோயில் திருவிழாவுக்கு வந்தால் முன்வரிசையில் கதிரை போடுவார்கள்.

வீடு அவர்களுடைய தாய் சின்னத்தங்கத்தின் சீதன வீடு. இந்தப் பக்கத்து வழக்கப்படி தாய்க்குப் பிறகு அது மகளுக்கு. ஆகவே வீடு கேதீஸ்வரியுடையது, தரை விஜிதரனுடையது. தங்கைக்கு நல்ல இடத்தில் மாப்பிள்ளை வரவேண்டும் என்றுதான் பழைய சீமெந்துத் தரையை உடைத்து மரம் போட்டான். மரம் கப்பலில் வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை வந்து சேரவில்லை. பெண் பார்க்க வந்த ஒன்றிரண்டு கூட்டமும் தரையை எட்டிப் பார்த்து, உள்ளே கால் வைக்கப் பயந்து, விறாந்தையிலேயே தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனது. கேதீஸ்வரி இப்போது நாற்பதைத் தாண்டி, முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, அந்தத் தரையைத் துடைத்துக்கொண்டு, தகப்பனையும் பார்த்துக்கொண்டு இருக்கிறாள்.

மாரி தொடங்கும் காலத்தில் ஒரு நாள், காத்தான்குடி இஷாம் தன்னுடைய வான் வண்டியில் வந்து இறங்கினான். தோஹாவில் ஒரு பெரிய ஹோட்டலில் தரை மினுக்கிவிட்டுத் திரும்பியவன். திரும்பும்போது ஒரு மெஷினையும், வாயிலிருந்து இறங்காத சில ஆங்கிலச் சொற்களையும் கொண்டு வந்திருந்தான். விசிட்டிங் கார்ட்டில் 'தரைப் பராமரிப்பு ஆலோசகர்' என்று அடித்திருந்தது. மட்டக்களப்பு மாவட்டம் முழுக்க மரத்தரை வீடுகளைத் தேடினாலும் ஒரு கை விரல் மிச்சம் வரும். ஆலோசனைக்கு அவ்வளவு கிராக்கி இல்லை என்பதால் மற்ற நாட்களில் அவன் பள்ளிவாசல் கார்ப்பெற்றுகளையும் கலியாண மண்டபக் கதிரைகளையும் கழுவினான்.

ஜன்னல் கட்டில் கேதீஸ்வரியின் தொலைபேசி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குள் விஜிதரனின் முகம். இஷாம் ஒரு சின்னக் கருவியை எடுத்து, சுவருக்குச் சுவர் சிவப்பு வெளிச்சம் அடித்து அளந்தான். பிறகு தொலைபேசிக்கு முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினான்.

"சேர், மரத்தரைக்கு மூண்டு முறை இரிக்கு. முதலாவது சாதாரணக் கிளீனிங். தூசி உறிஞ்சி, மருந்துத் தண்ணியப் பனிப்புகார் மாதிரி அடிச்சி, பிழிஞ்ச துணியால எடுக்கிற. சதுர அடி அறுபது. ரெண்டாவது, மேல்பூச்ச லேசாச் சுரண்டிப் புதுப்பூச்சுப் போடுற. இருநூத்தி இருபது. மூண்டாவது, பச்சை மரம் தெரியிற வரைக்கும் அரத்தாள் புடிச்சித் தேய்ச்சி, முதல்ல இருந்து செய்யிற. அது ஐஞ்சூத்தி அம்பது. மூண்டாவதச் செய்தா தரை பிறந்த அண்டு இருந்த மாதிரி வந்திரும்."

"மருந்து நியூட்ரலா?" என்றது முகம்.

"நியூட்ரல் சேர்."

"வினாகிரி போடமாட்டீங்களே. ஸ்டீம் மெஷின் கொண்டுவரக்கூடா."

"அஸ்தஃபிருல்லா. ஸ்டீம் மரத்துக்கு எமன் சேர்."

ஒரே நோயாளியின் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நிற்கும் இரண்டு வைத்தியர்களைப் போல இருவரும் சிறிது நேரம் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டார்கள்.

"என்ன விசேஷம் சேர்? கலியாணமா?" என்றான் இஷாம்.

"ஒரு ஃபங்ஷன்."

"எத்தின பேர் வருவாங்க?"

"இருநூறு, முன்னூறு வரும்."

"சாப்பாடு உள்ளுக்கா?"

"சாப்பாடு இல்ல. தேத்தண்ணி மட்டும். வெளியில."

"பூ?"

"பூ இரிக்கும். நிறைய இரிக்கும்."

"எண்ணெய்ச் சாமான்?"

"ஒரு விளக்கு. தலைமாட்டில."

இஷாம் எழுதிக்கொண்டே வந்தான். தலைமாடு என்ற சொல்லில் பேனை கொஞ்சம் மெதுவானது. "எந்தத் தேதி சேர்?"

முகம் வேறு எங்கேயோ பார்த்தது. "தேதி இன்னும் சரியாத் தெரியா. டொக்டர் சொன்னதப் பாத்தா, இந்த மாசத்துக்குள்ள."

பின்னறையிலிருந்து ஒரு நீண்ட இருமல் வந்தது. இஷாம் பேனையை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்தான். கேதீஸ்வரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி," என்றது பின்னறைக் குரல். "விலை சொன்ன தம்பி. இஞ்ச வாங்க."

பின்னறை மட்டும் இன்னும் சீமெந்து. வந்த மரம் அதுவரை எட்டவில்லை. அங்கேதான் கனகசிங்கம் கிடந்தார். நெஞ்சில் நீர் கோர்த்து, ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வவுணதீவில் வயல் செய்த காலம் முழுக்க, நெல் வாங்க வரும் வியாபாரிகளை வெயிலில் நிறுத்திவைத்து விலை பேசியே பழகியவர். மரணம் வாசலுக்கு வந்துவிட்டதற்காக அந்தப் பழக்கத்தை விடுகிற உத்தேசம் அவருக்கு இருக்கவில்லை.

"என்ட செத்தவீட்டுக்கு எவ்வளவு முடியும்?"

"ஐயா, அப்பிடி ஒண்டும் இல்ல ஐயா. சேர் சும்மாதான் கேட்டவர்."

"சும்மா கேக்கிறவன் பூவும் விளக்கும் சொல்லுவானா? அறுபது கூட. அம்பதுக்குச் செய்யுங்க. நான் நல்லா மெலிஞ்சிட்டன். தரைக்குப் பாரமும் இல்ல."

தோஹாவில் எத்தனையோ வாடிக்கையாளர்கள் இஷாமோடு பேரம் பேசியிருக்கிறார்கள். ஒருவரும் இந்தக் காரணத்தைச் சொன்னதில்லை.

கேதீஸ்வரி தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்திருந்தாள். தகப்பன் அவளைப் பார்த்தார்.

"என்ன, தரை பழுதாகுமெண்டு செத்தவன வீட்டில கிடத்தாம மலர்ச்சாலையிலயே வைக்கவாமா?"

"அண்ணன் அப்பிடியும் ஒரு யோசினை சொல்றார்."

"நான் கலியாணம் முடிச்சி இந்த வீட்டுக்கு வந்தவன் புள்ள. முன்வாசலால வந்தன். முன்வாசலாலதான் போவன். உன்ட அம்மா கிடந்த அதே நடுவீட்டில என்னக் கிடத்து. தூக்கின உடனே வாளியால தண்ணி ஊத்திக் கழுவிவிடு. அவளுக்குச் செய்தமே, அப்பிடி. கழுவாட்டி நான் போகமாட்டன். இந்த வீட்டச் சுத்திக்கிட்டுத்தான் நிப்பன்."

"அப்பா, அது ஓக்," என்றது தொலைபேசி.

"ஓம் மனே. நான் பொணம்."

பிறகு கனகசிங்கம் பழைய தரையைப் பற்றிச் சொன்னார், யாரும் கேட்காமலே. அதைப் பூசிய மேசன் வாசலைப் பார்த்துச் சரிவாக வாட்டம் விட்டுப் பூசினானாம். சுவரின் அடியில் ஒரு ஓட்டையும் வைத்தானாம். சின்னத்தங்கத்தைத் தூக்கிய பிறகு ஊற்றிய தண்ணீர் தானாக ஓடி முற்றத்தில் இறங்கியதாம். அவர் மயானத்தால் திரும்பி வரும்போது தரை காய்ந்துவிட்டதாம்.

"இந்தத் தரையில கோலிக்குண்டு வெச்சாலும் உருளாதப்பா. அவ்வளவு மட்டம்," என்றான் விஜிதரன். அதை அவன் பெருமையாகத்தான் சொன்னான்.

"எனக்குச் சொல்லு புள்ள. கழுவுவியா?" என்றார் கனகசிங்கம், மகளிடம்.

"ஓமப்பா."

தொலைபேசி அதைக் கேட்டது. இஷாமும் கேட்டான். போகும்போது தன்னுடைய கார்ட்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பதா, வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் வைக்காமலே போனான்.

டொக்டர் சொன்ன கணக்குச் சரியாக இருந்தது. விஜிதரன் விமானம் ஏறி வந்து சேரும் வரை உடலை மலர்ச்சாலையின் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார்கள். வந்தவன் தகப்பனைப் பார்ப்பதற்கு முன்பு மண்டபத்தைப் பார்த்தான் என்று பக்கத்து வீட்டு அன்னப்பூரணி பிறகு எல்லாரிடமும் சொன்னாள். பாவம், தகப்பன் இன்னும் குளிர்ப்பெட்டியில்; வீட்டில் அவன் வேறு எதைப் பார்ப்பது.

அன்று பின்னேரமே குசினியில் வைத்துத் தங்கையிடம் சொன்னான். "நடுவீட்டிலதான் வெக்கிறம். ஊர் கதைக்கும். அதுக்கு நான் ஓம். ஆனா தண்ணி ஒரு சொட்டும் விழக்கூடா."

"அப்பாட்ட ஓமெண்டு சொல்லிட்டன் அண்ணா."

"கழுவுறது எண்டா என்ன? துப்பரவாக்கிறதுதானே? அதுக்குத்தான் இஷாம வெச்சிரிக்கன். பெட்டி வாசல் படலைய விட்டு வெளிக்கிட்ட உடனே அவன் தொடங்குவான். உன்ட வாளித்தண்ணியவிடத் துப்பரவா இரிக்கும்."

"அது வேற, இது வேற."

"நான் உழைச்ச காசு கேதா. நீ தண்ணி ஊத்தினா, மறுகா இந்த வீட்டப் பத்தி என்னோட கதைக்காத. என்னோடயே கதைக்காத."

அவள் தேங்காயைத் துருவிக்கொண்டிருந்தாள். துருவி முடிந்த பிறகும் சிரட்டையைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். அம்மா போன பிறகு அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் பெட்டிக்குள் இருந்தார். மற்றவன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தவறாமல் அழைத்து, முதலில் தரையையும் பிறகு அவளையும் சுகம் விசாரிப்பவன்.

செத்தவீட்டுக்குத் தரை தயாரானது. பொலித்தீன் விரித்து, அதன்மேல் பலகை அடுக்கி, அதன்மேல் இரவல் பாய்கள். கனகசிங்கத்தைக் கிடத்திய இடத்தில் மட்டும் இரண்டு மடங்கு. அழ வந்த பெண்கள் உட்கார்ந்தபோது பொலித்தீன் கீச்சிட்டது, எழுந்தபோதும் கீச்சிட்டது. ஒப்பாரிக்கு நடுவில் ஒவ்வொரு முறை மூச்சு வாங்கும்போதும் அது தன் பங்குக்கு ஒரு குரல் கொடுத்தது. தலைமாட்டு விளக்குக்குக் கீழே ஒரு தட்டு, தட்டுக்குக் கீழே இன்னொரு தட்டு. விஜிதரன் அழவில்லை. எண்ணெய் மட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அஞ்சலி உரை விவசாயிகள் சங்கத் தலைவருடையது. இறந்தவர் அரிவாள் பிடித்த காலத்தைப் பற்றி ஒரு நிமிடமும், அவருடைய மகன் ஐரோப்பாவில் ஒரு பெரும் நிர்வாகியாக வீற்றிருப்பதைப் பற்றி மிச்ச நேரமும் பேசினார். "இப்படியொரு தளத்தில் இளைப்பாறும் பேறு எத்தனை விவசாயிக்குக் கிட்டும்" என்று கேட்டு, கைவிரலால் தரையைக் காட்டினார். காட்டிய இடத்தில் பொலித்தீன்தான் இருந்தது.

பறை முழங்க, பெட்டி எழுந்தது. கொள்ளிச்சட்டியைத் தூக்கிய விஜிதரன், தணல் உள்ளே விழாதபடி அதை வெளிப்பக்கமாகச் சரித்துப் பிடித்துக்கொண்டே வாசற்படி இறங்கினான். இறங்கும் முன் ஒரு முறை திரும்பி, குசினி வாசலில் சீருடையோடு நின்ற இஷாமுக்குத் தலையசைத்தான். கொள்ளி வைக்கவேண்டியவன் போய்த்தான் ஆகவேண்டும். தரைக்குக் காவல் நிற்க அவனால் முடியாது. இந்த ஊரில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. அவர்கள் படலையோடு நின்று, பறைச் சத்தம் சந்தி திரும்பும்வரை பார்த்துவிட்டு, நேரே கிணற்றடிக்குப் போனார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. வாளிகள் நிறைந்தன. அன்னப்பூரணி மஞ்சளைக் கரைத்தாள்.

பாய்களையும் பலகைகளையும் பொலித்தீனையும் எடுத்த பிறகு மரம் வெளியே வந்தது. எவ்வளவு மூடியும் நாலைந்து இதழ்களும் கொஞ்சம் அரிசியும் அதன்மேல் கிடந்தன. இஷாம் மெஷினை உருட்டிக்கொண்டு வந்தான்.

"இது என்ன புள்ள, நெல்லுக் குத்துறதா?" என்றாள் அன்னப்பூரணி.

"தரை மெஷின் மாமி. சேர் உடனே தொடங்கச் சொன்னவர்."

"ஆம்புளையா செத்தவீடு கழுவுற? அதுவும் கரண்டு மெஷினால?"

வாளிகளோடு நின்ற பெண்கள் கேதீஸ்வரியைப் பார்த்தார்கள். வீடு அவளுடையது. முதல் வாளி அவள்தான் ஊற்றவேண்டும். அவள் இஷாமிடம் வந்தாள்.

"தம்பி, இந்த மெஷின் தண்ணி விடுமா?"

"புகார் மாதிரி விடும் அக்கா. கண்ணுக்குத் தெரியா."

"கண்ணுக்குத் தெரியாத தண்ணியக் கொண்டு எப்பிடிக் கழுவுற?"

இஷாம் மெஷினை ஓரமாக உருட்டினான். "அக்கா, நீங்க ஊத்துறதெண்டா ஊத்துங்க. உங்கட வீடு. ஆனா நான் உத்தரவாதம் தரேலா."

"எதுக்கு உத்தரவாதம்?"

"தரைக்கு."

"அது தெரியும்," என்றாள். மஞ்சள் வாளியைத் தூக்கினாள். சிறிது நேரம் அதைத் தூக்கியபடியே நின்றாள். பிறகு தகப்பனின் தலை இருந்த இடத்தில் ஊற்றினாள்.

அதற்குப் பிறகு அது கேதீஸ்வரியின் கையில் இல்லை. வாளிக்குப் பின் வாளியாகத் தண்ணீர் விழுந்தது. பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஈர்க்குக்கட்டால் வாசலைப் பார்த்துத் தள்ளினார்கள். தண்ணீர் வாசல்வரை போனது; கொஞ்சம் யோசித்தது; திரும்பி வந்தது. சுவர்ப்பக்கம் தள்ளினார்கள். சுவரில் மோதித் திரும்பி வந்தது.

"ஓட்டை எங்க புள்ள?" என்றாள் அன்னப்பூரணி.

"அடைச்சாச்சி மாமி. தரை போடக்குள்ள."

கோலிக்குண்டு உருளாத தரையில் தண்ணீரும் உருளவில்லை. மண்டபம் முழுக்க மஞ்சளாக நின்றது. மேலே சுழன்ற மின்விசிறி அதற்குள்ளும் சுழன்றது. இதழ்கள் மிதந்தன. தள்ளத் தள்ளப் போகாமல் நிற்கும் தண்ணீரைப் பார்த்து, பெண்கள் ஒவ்வொருவராக ஈர்க்குக்கட்டை நிறுத்தினார்கள். பலகைகளுக்கு நடுவே இருந்த கீறல்களில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்து வந்து உடைந்தன. தரை குடித்துக்கொண்டிருந்தது.

"ஒருத்தரும் மிதிக்காதீங்க. இது தள்ளிப் போகா, உறிஞ்சோணும்," என்றான் இஷாம். "தண்ணி உறிஞ்சிற மெஷின் கடையில கிடக்கு. எடுத்துக்கிட்டு ஓடி வாறன்." வான் கிளம்பிய வேகத்தில் விசிட்டிங் கார்ட்டுகள் சில முற்றத்தில் விழுந்தன.

அவன் வரவில்லை. ஆண்கள் வந்துவிட்டார்கள். குளித்த ஈரத்தோடு, மொட்டையடித்த தலையோடு விஜிதரன் முன்னால் வந்தான். வாசலில் வேப்பிலைத் தண்ணீரில் கால் நனைத்துவிட்டு நிமிர்ந்தவன் அப்படியே நின்றான். அவனுக்குப் பின்னால் சங்கத் தலைவரும் மற்றவர்களும் முட்டிக்கொண்டு நின்றார்கள். பெண்கள் சுவரோடு ஒதுங்கினார்கள். கேதீஸ்வரி நடுவில், கணுக்கால் நனைய நின்றாள்.

"ஊத்திட்டன் அண்ணா," என்றாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தான். எவ்வளவு நேரம் ஊறியிருக்கும் என்று அவன் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

"பருத்தித்துணி எடு. பழசு. புதுத்துணி குடிக்காது," என்றான். "அப்பா கட்டின சாரனெல்லாம் எடு. ரெண்டு வெறும் வாளியும்."

அவள் எடுத்து வந்தாள். சலவை செய்து மடித்திருந்தவை, கட்டிலில் கடைசியாகக் கழற்றிப் போட்டது, எல்லாம். விஜிதரன் ஒரு சாரனை நாலாக மடித்து இடது முழங்காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு மண்டபத்தின் தூர மூலையில் போய் இறங்கினான். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொடங்கினான்.

இரண்டு நிமிடத்தில் வாசலில் நின்றவர்களின் பேச்சு நின்றுவிட்டது. அவன் துணியைத் தேய்க்கவில்லை. விரித்துப் போட்டு, குடிக்கவிட்டு, மர ரேகையின் ஓட்டத்தோடு தன்பக்கம் இழுத்தான். தலையைத் திருப்பாமலே வாளி இருந்த பக்கம் கை போனது. மணிக்கட்டை ஒரு முறுக்கு முறுக்கியதும் துணி பிழிந்து முடிந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே இருந்த மடிப்பு அவனோடு தானாகப் பின்னால் நகர்ந்தது. துடைத்த இடத்தில் ஒரு விரல்கூட மறுபடி படவில்லை. குனிந்த முதுகு, எங்கே நிமிரவேண்டும், எங்கே நிமிரக்கூடாது என்று தெரிந்து வைத்திருந்தது. மேசைகளும் கட்டில்களும் இல்லாத இடத்திலும் அவற்றின் கால்களுக்கு விலகியே அவன் கை போனது. மனேஜர்கள் இப்படித் துடைப்பதில்லை. எந்த மனேஜருக்கும் இப்படித் துடைக்க வராது.

"நிர்வாகி நல்லாத்தான் துடைக்கார்," என்று பின்னால் ஒரு குரல். யாரோ மூக்கால் சிரித்தார்கள். அன்னப்பூரணி திரும்பி முறைத்தாள். சங்கத் தலைவர் தன் செருப்பைத் தேடத் தொடங்கினார்.

விஜிதரனின் கை நின்றது. பிறகு துணி மறுபடி விரிந்தது.

கேதீஸ்வரி ஒரு சாரனை எடுத்துக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் இறங்கினாள்.

"அப்பிடியில்ல. மர ஓட்டத்தோட இழு," என்றான்.

இழுத்தாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில், பின்னால் பின்னால் வந்தார்கள். வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கரைந்து போனார்கள்.

"எத்தின வருஷமாண்ணா?"

"போன நாளில இருந்து."

"மனேஜர் எண்டாயே."

"மனேஜர் வருவான். சுவரோரம் விரலால தடவிப் பாத்திட்டுப் போவான்."

வாளி நிறைந்தது. அவள் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தாள். அவன் பார்வையை எடுக்காமலே பேசினான்.

"அங்க கிழவன் கிழவியெல்லாம் தனியச் செத்துப் போவாங்க. பெட்டியத் தூக்கின பிறகு எங்கட கம்பனிக்குப் போன் வரும். சொந்தக்காரர் நிக்கமாட்டாங்க. நாங்கதான் போய்த் துடைச்சி, ஜன்னலத் திறந்து, காய விட்டு, வீட்டுத் திறப்பக் கையில குடுத்திட்டு வாற."

"எத்தின வீடு அண்ணா?"

"எண்ணல்ல." கையிலிருந்த சாரனைப் பிழிந்தான். அதிலிருந்து மஞ்சள் தண்ணீரோடு, தகப்பனின் மருந்து எண்ணெய் வாசமும் வந்தது. "அங்க ஒருத்தரும் இப்பிடித் தண்ணி ஊத்தி வெச்சதில்ல."

அவள் அவனுடைய முகத்தைப் பார்க்கக் குனிந்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடைசிப் பலகையைத் துடைத்து, இருவரும் வாசற்படியில் வந்து நின்றபோது தரை பழையபடி மினுங்கியது. சாயந்தர வெளிச்சத்தில் அழகாகத்தான் இருந்தது.

"இது காயாது," என்றான் விஜிதரன். அன்றிரவு பின்னறையில், சீமெந்துத் தரையில் படுத்துக்கொண்டான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை நின்றான். கடைக்குப் போனால் பெடியன்கள் "மனேஜர் அண்ணே" என்று கூப்பிட்டார்கள். முன்பும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இப்போது கூப்பிட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் கடைக்குப் போவதை நிறுத்தினான். மழை விடாமல் பெய்தது. வாவி ஏறி வேலியடிவரை வந்து நின்றது. பலகைகளின் ஓரங்கள் மெதுவாக மேலே எழும்பின. ஒவ்வொரு பலகையும் ஒரு சின்னத் தோணி மாதிரி நடுவில் குழிந்தது. அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு முதல் தடவையாக ஊர் அந்த மண்டபத்தில் பந்தி உட்கார்ந்தது. இலை சாய்ந்து, ரசம் பலகைக் குழிகளுக்குள் இறங்கி, நேரே வாசலைப் பார்த்து ஓடியது. "இப்பதான் தரைக்கு வாட்டம் வந்திரிக்கு" என்று ஒருவர் சொல்ல, பந்தி சிரித்தது. விஜிதரன் பரிமாறிக்கொண்டு நின்றான். மறுநாள் விமானம்.

தங்கையிடம் அவன் சண்டை பிடிக்கவில்லை. படலையில் நின்று, "நான் சொன்னதச் சொல்லிட்டன், நீ செய்ததச் செய்திட்டாய்" என்றான். வான் ஏறும்போது கையை ஆட்டினானா, ஜன்னலைத் துடைத்தானா என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. அழைப்பு வரவில்லை. கனகசிங்கமும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வீட்டைச் சுற்றிக்கொண்டு நிற்கவில்லை. போய்விட்டார். எந்த மூலையிலும் அவர் இல்லை.

மழை கொஞ்சம் விட்ட ஒரு பகலில் இஷாம் வந்தான். இந்த முறை வெளிச்சக் கருவி இல்லை. குனிந்து, விரலால் பலகை ஓரங்களைத் தடவிப் பார்த்தான்.

"மூண்டாவது முறைதான் அக்கா. வேற வழி இல்ல. ஆனா உடனே செய்யேலா. ஈரத்தோட சுரண்டினா மறுகா கோணும். வாவிக் காத்து விடாது. பங்குனி வரட்டும், பாப்பம். ஐஞ்சூத்தி அம்பதுக்கு நான் குறைச்சுத் தாறன்."

"எவ்வளவுக்கு?"

அவன் சொல்ல வந்து, நிறுத்தினான். பின்னறைக் கதவு திறந்து கிடந்தது. கட்டிலில் பாய் சுருட்டி வைத்திருந்தது. "ஐயா கேட்ட மாதிரிப் பாத்துச் செய்யிறன்," என்றான்.

"வேணா தம்பி. கிடக்கட்டும்."

"சேருக்கும் படம் எடுத்து அனுப்பினன். பாத்திரிக்கார், ரெண்டு நீலக்கோடும் விழுந்திரிக்கு. பதில் ஒண்டும் இல்ல."

அவள் விறாந்தையைப் பார்த்தாள். கொடியில் தகப்பனின் சாரன்கள் வரிசையாகத் தொங்கின. துவைத்துப் போட்டது, மாரியில் காயாமல், எடுப்பதும் போடுவதுமாக இருக்கிறது. ஒவ்வொன்றும் மஞ்சள் பிடித்திருந்தது.

"இந்த நேரம் அங்க என்ன செய்வார் தம்பி?"

இஷாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். வளைகுடாவில் இருந்த பழக்கம், எல்லா நாட்டு நேரமும் அவனுக்குத் தெரியும்.

"இப்ப அங்க விடிஞ்சிரிக்கும் அக்கா. வேலைக்குப் போயிரிப்பார்."

அவள் கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குக் குறுக்கே நடந்தாள். பலகைகள் காலுக்குக் கீழே ஒவ்வொன்றாக முனகின.